ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் யார்?

கேள்வி: கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார், நான் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். மகள் மெட்ரிக் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மகன் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு. இருவருக்கும் கட்டணம், வேன் எல்லாம் சேர்த்தால் எங்கள் வருமானத்தில் பாதி போய்விடுகிறது. இந்த ஆண்டு ஒரு தவணை பாக்கி வேறு. மகளை ஆறாம் வகுப்பில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நினைத்தேன். நாத்தனார், "பெண்ணைக் கெடுக்கப் போகிறாயா?" என்று கேட்கிறார். பக்கத்துத் தெருப் பெண் அரசுப் பள்ளியில் படித்துத்தான் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்தாள். ஊரில் அரசு உதவிபெறும் கான்வென்ட் ஒன்றும் இருக்கிறது. அரசுப் பள்ளியின் தரத்தை நம்பலாமா? மகள் தோழிகளைப் பிரிய வேண்டும் என்று அழுகிறாள். ராங்க் கார்டில் 90க்கு மேல்தான் எடுக்கிறாள், ஆனால் தமிழ்க் கதைப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நாத்தனார் சொன்னதை நடுவில் வைத்து எழுதியிருக்கிறீர்கள். மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள் என்பதைக் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் பட்டது. அதற்கு வருகிறேன்.

முப்பத்தோரு ஆண்டு அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன்; கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியை. "அரசுப் பள்ளி நன்றாக இருக்குமா?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று சொன்னால் விசாரித்துச் சொல்வேன். ஒரே பஸ் வழித்தடத்தில் இருந்த இரண்டு பள்ளிகளில் அடுத்தடுத்து வேலை செய்திருக்கிறேன். முதல் பள்ளியின் கணக்கு ஆசிரியை பின்னம் நடத்தும் நாளில் பையில் கொய்யாப்பழமும் கத்தியும் கொண்டு வருவார். அவரிடம் படித்த பிள்ளைகளுக்குக் கால், அரை, முக்கால் எல்லாம் நாக்கிலேயே நின்றது. இரண்டாவது பள்ளியில் பதினான்கு மாதம் கணக்குக்கு ஆளே இல்லை. அறிவியல் டீச்சர் கொஞ்ச நாள் பார்த்தார், தமிழ் ஐயா வகுப்பைச் சத்தம் போடாமல் உட்கார வைத்தார், அவ்வளவுதான். அந்தப் பெண்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து இயற்கணிதத்தில் திணறியபோது, "இந்த பேட்ச்சே மந்தம்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன். இரண்டு பள்ளிக்கும் ஒரே துறை, ஒரே சம்பளம், ஒரே சீருடை.

இன்னொன்றை நாத்தனாரிடம் சொல்லுங்கள். மெட்ரிக் பள்ளியில் படித்தாலும் அரசுப் பள்ளியில் படித்தாலும் பத்தாம் வகுப்பில் எழுதப்போவது ஒரே பொதுத்தேர்வு. பாடத்திட்டமும் ஒன்றுதான். 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்த சமச்சீர்க் கல்விக்குப் பிறகு "மெட்ரிக் சிலபஸ்" என்று தனியாக எதுவும் இல்லை. கீழ் வகுப்புகளில் தனியார் பதிப்பகப் புத்தகங்களையும் சேர்த்து விற்கும் பள்ளிகள் உண்டு. அந்த வியாபாரத்தைப் பேசத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருவோம். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்து ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். தேர்வு என்று சொல்லாதீர்கள், பயப்படுவாள். அவள் இதுவரை பார்க்காத மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடம் ஒன்றைப் படிக்கச் சொல்லி, என்ன கதை என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் நம் வீட்டைப் பற்றி ஐந்து வரி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுதச் சொல்லுங்கள். 503இலிருந்து 268ஐக் கழிக்கச் சொல்லுங்கள், 156ஐ 4ஆல் வகுக்கச் சொல்லுங்கள். கடையில் மிச்சச் சில்லறை எவ்வளவு என்று ஒரு வாய்க்கணக்கும் கேளுங்கள்.

இதில் பாதிக்குமேல் தடுமாறினால் அந்த 90 மதிப்பெண் எதை அளந்தது என்று புரியும். கேள்வி பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதையே மனப்பாடம் செய்ய வைத்து, அதே கேள்வியைத் தேர்வில் கேட்டால் எந்தப் பிள்ளையும் 90 எடுக்கும். எங்கள் பள்ளிகளிலும் இது நடக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய். பள்ளி மாற்றினால் தரம் போய்விடும் என்று பயப்படுகிறீர்களே, அந்தத் தரம் இப்போது கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பதற்காகத்தான் இந்தச் சோதனை. வாசிப்பில் பின்தங்கியிருந்தால் எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதைச் சரிசெய்தாக வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களைக் கண்டுபிடித்துத் தனியாகச் சொல்லிக்கொடுக்க 'திறன்' என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. உங்கள் மகளை அந்தக் குழுவில் சேர்த்தால் சண்டைக்குப் போகாதீர்கள். மூன்று மாதம் ஒழுங்காக நடந்தால் அவளுக்கு அதைவிட நல்லது வேறில்லை.

அடுத்து, பள்ளியை நேரில் பாருங்கள். சேர்க்கை நாளில் பார்த்தால் பூவும் பலூனும்தான் தெரியும். சாதாரண வேலை நாளில் மாலை நாலே காலுக்கு கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். ஆறாவது, ஏழாவது படிக்கும் பெண்கள் நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுங்கள். "ஸ்கூல் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "நல்லா இருக்கு ஆன்ட்டி" என்றுதான் சொல்லும். "நேற்று கணக்குப் பீரியடில் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "டீச்சர் வரலை, கபடி விளையாடினோம்" என்று இரண்டு பேர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் திருத்தியது எந்தத் தேதியோடு நின்றிருக்கிறது என்று பாருங்கள். இந்த மாதம் வரை வந்திருந்தால் அந்த டீச்சரை நம்பலாம். ஆகஸ்ட் மாதத்தோடு நின்றிருந்தால் காரணம் விசாரியுங்கள்.

பிறகு தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் யார்?" பெயரைச் சட்டென்று சொல்பவர் நல்ல எச்.எம். "போஸ்ட் வேகன்ட், பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மூலமாக ஒருவரைப் போட்டிருக்கிறோம்" என்று உண்மையைச் சொல்பவரும் நல்ல எச்.எம்.தான். "எல்லாம் இருக்கிறார்கள்மா, கவலைப்படாதீர்கள்" என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

இந்தக் கேள்வியை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், அறிவியல் கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்று வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நடைமுறை வேறு. ஏப்ரலில் இருக்கும் டீச்சர் பொதுமாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். அந்த இடத்துக்கு யாரும் வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக ஒருவரை எடுப்பார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய். அப்படி வந்தவர்களில் நிரந்தர ஆசிரியர்களை மிஞ்சியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நியமன ஆணை கைக்கு வருவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிடும். நல்ல வேலை கிடைத்தால் அவரும் பாதியில் போய்விடுவார். உள்ளவர்களும் எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலியில் பதிவு, பயிற்சி, தேர்தல் வேலை என்று வகுப்பைவிட்டுப் போக நேரிடும். நல்ல டீச்சர் இருக்கும் வகுப்புக்கும் டீச்சர் இல்லாத வகுப்புக்கும் உள்ள வித்தியாசம், அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

கழிப்பறையைப் பார்க்காமல் வராதீர்கள். காலை ஒன்பது மணிக்கு எல்லாப் பள்ளியிலும் சுத்தமாகத்தான் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, பயன்படுத்திய நாப்கினைப் போட மூடிபோட்ட வாளியாவது இருக்கிறதா? புது யுகம் திட்டத்தில் நாப்கினை இலவசமாகக் கொடுக்கிறோம். அதை மாற்ற இடம் இல்லாவிட்டால் என்ன பயன்? கழிப்பறைக்குப் போகப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ப்ரேயரில் மயங்கி விழுவார்கள். "காலையில் சாப்பிடவில்லை" என்று எழுதிக்கொள்வோம். உங்கள் மகள் இன்னும் ஓரிரு ஆண்டில் வயதுக்கு வந்துவிடுவாள். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் குறைவு. எப்போது வருவார் என்பது அந்த ஊர் உள்ளாட்சியையும் எச்.எம்.மின் பிடிவாதத்தையும் பொறுத்தது. எச்.எம். எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள அவர் அறையைவிடக் கழிப்பறை நல்ல சாட்சி.

அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் சுற்றுவட்டார ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். சரளமாகப் படிப்பவளும் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். தனியார் பள்ளிகளில் படிக்காத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளையும் நாங்கள்தான் சேர்த்துக்கொள்கிறோம். அதனால் எங்கள் வகுப்பின் வேகம் குறையும். கெட்டிக்காரப் பெண்ணுக்குச் சில நாள் அலுப்புத் தட்டும். ஹோம்வொர்க் டைரி, வாரத் தேர்வு, வாட்ஸ்அப்பில் மிஸ் அனுப்பும் நினைவூட்டல், இதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் வாரம் ஒருமுறை நோட்டைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. பி.எட். முடித்து, போட்டித் தேர்வு எழுதி வந்தவர் பாடம் நடத்துவார். வானவில் மன்றம் என்ற அரசு அறிவியல் திட்டத்தின் பேரில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அறிவியல் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துச் செய்ய வைப்பார். கலைத் திருவிழாவில் பறையடித்து மாவட்டம் வரை போன பெண் எங்கள் பள்ளியில் இருந்தாள். அதுவரை வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. மைதானமும் பெரும்பாலும் எங்களிடம்தான் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாவது வரை உண்டு. மகள் சாப்பிடுவாளா என்பது வேறு விஷயம். முதல் வாரம் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்புங்கள், பிறகு அவளே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள்.

7.5 சதவீதத்துக்கு வருவோம். சேர்ப்பதாக இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே சேருங்கள் என்று சொல்ல இதுதான் காரணம். அந்த ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து எட்டுவரை படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்கள் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்கிறீர்கள், ஆகவே அது பொருந்தாது. "எட்டாவது வரை அங்கேயே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் மருத்துவம், பொறியியல் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இருக்கிறது.

கான்வென்ட் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. உதவிபெறும் பள்ளியில் படித்தால் 7.5 சதவீதம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து, "எங்களுக்கும் அரசுதானே சம்பளம் கொடுக்கிறது" என்று என் முன்னால் உட்கார்ந்து அழுத தகப்பனாரை இன்னும் மறக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வை அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். உங்களுக்கு மருத்துவக் கனவைவிட இது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பதினோரு வயதுப் பெண்ணிடம் நீட் என்ற சொல்லை இப்போதே எடுக்காதீர்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒதுக்கீட்டோடு உழைப்பையும் சேர்த்துத்தான் போயிருப்பாள்.

ஆங்கில வழியா, தமிழ் வழியா என்பதையும் கேட்பார்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. தமிழ் வழியில் போட்டால் அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை என்று யாராவது சொல்வார்கள். 2020இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்தாண்டு ஆங்கில வழியில் படித்துவிட்ட மகளுக்கு அது கிடைக்காது. ஆகவே இரண்டு பிரிவில் எதற்கு நல்ல கணக்கு, அறிவியல் டீச்சர் இருக்கிறார் என்று பார்த்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், இவ்வளவு நாள் ஆங்கிலத்தில் படித்த கணக்கை இப்போது மாற்றிக் குழப்ப வேண்டாம், ஆங்கில வழியிலேயே தொடரட்டும். தமிழ் வாசிப்பை நீங்கள் வீட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு பக்கம், சத்தமாக.

ஒரு தவணை பாக்கிக்காக டி.சி. தர மாட்டோம் என்பார்கள். கேட்டுவிட்டுப் பயந்து திரும்பாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் கட்டண வசூலுக்கான கருவி அல்ல என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டி.சி. வரத் தாமதமானாலும் அதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. முதலில் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பாக்கியை முடிந்தபோது கட்டிவிடுங்கள், அது வேறு கணக்கு.

"பெண்ணைக் கெடுக்கப் போகிறாயா" என்ற சொல்லுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. அதற்குள் சாதியும் இருக்கிறது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள் என்ற பேச்சும் இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், நாத்தனாருக்கும் தெரியும். மகளின் அழுகை வேறு. ஐந்தாண்டுத் தோழிகளைப் பிரிவது பெரியவர்களுக்கே கடினம். பணம் இல்லாததால் மாற்றுகிறோம் என்று அவளிடம் மறைக்கவும் வேண்டாம், அதையே தினமும் சொல்லிக் காட்டவும் வேண்டாம். நீங்கள் பள்ளியைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தத் தோழிகளில் ஒருத்தியின் வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிறு கொண்டு விடுங்கள். முதல் இரண்டு மாதம் வயிற்றுவலி என்பாள், பாதி நாள் அது உண்மையாகவே இருக்கும்.

மகனை இந்த ஆண்டு தொடாதீர்கள். இருவரையும் ஒரே ஜூனில் மாற்றினால் வீடு தாங்காது.

சில ஆண்டுகளாக அரசுப் பள்ளிகளில் சேர்க்கை மார்ச் மாதமே தொடங்கிவிடுகிறது. கடைசி வாரம் வரை காத்திருந்தால் ஆங்கில வழிப் பிரிவில் இடம் இருக்காது. சேர்த்த கையோடு பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு வராமலேயே கையெழுத்துப் போடும் உறுப்பினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் போய் உட்காருங்கள். கடை முதலாளியிடம் அந்த ஒரு மதியத்துக்கு இப்போதே அனுமதி கேட்டு வையுங்கள்.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மகளின் கால அட்டவணையைப் பாருங்கள். கணக்குக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கட்டம் காலியாக இருந்தாலும் எழுதுங்கள்; குழுக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தின் வாசகத்தை எழுதி அனுப்புகிறேன்.